குலம் தருவதும் தராததும்

மத்தேயு நற்செய்தியின் முதல் பக்கத்தை நாம் பெரும்பாலும் விரைவாகக் கடந்துவிடுகிறோம். திருப்பலியில் அந்த மூதாதையர் பட்டியலை வாசிக்கும் குருவுக்கும் நாக்கு இடறுகிறது; கேட்கும் மக்களுக்கும் கவனம் சிதறுகிறது. ஆயினும் மீட்பரின் வரலாற்றை ஒரு குலவரலாறாகத்தான் தொடங்க வேண்டுமென்று அந்த நற்செய்தியாளர் கருதினார். இரண்டு அதிகாரங்கள் தள்ளிச் சென்றால், ஆபிரகாம் எங்கள் தந்தை என்று மார்தட்டியவர்களைத் திருமுழுக்கு யோவான் யோர்தான் கரையில் கடிந்துகொள்கிறார். கிடக்கும் கற்களிலிருந்தும் கடவுள் ஆபிரகாமுக்குப் பிள்ளைகளை எழுப்ப வல்லவர் என்கிறார். ஒரே நூலில் குலம் போற்றவும் படுகிறது, புறந்தள்ளவும் படுகிறது. அப்படியானால் பிறந்த குடும்பம் ஒருவருக்கு உண்மையில் எதைத் தருகிறது? எதைத் தர அதனால் இயலாது?

இக்கேள்வியை வெறுங்கருத்தாக ஆராய்வதைவிட ஒரு குடும்பத்தின் கதையில் வைத்துப் பார்ப்பது பயன்தரும். லெடுகோவ்ஸ்கி என்பது போலந்தின் பழைய பிரபுக் குடும்பங்களுள் ஒன்று. வொலினியா நாட்டுப் பகுதியிலிருந்து புறப்பட்ட மரபு அது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தார்னோக்ரோத் பிரபுக்கள் கூட்டமைப்புக்குத் தலைமை தாங்கிய ஸ்தானிஸ்வாவ் லெடுகோவ்ஸ்கி இம்மரபினரே. 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் ரஷியா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்ற மூன்று வல்லரசுகளும் போலந்தைத் துண்டுதுண்டாகப் பங்கிட்டுக்கொண்டபோது இக்குடும்பமும் சிதறியது. ஒரு கிளை ஆஸ்திரியப் பேரரசின் குடிகளாகி, வியன்னா அரசவையோடு உறவு கொண்டது. நாடு வரைபடத்திலிருந்து மறைந்துவிட்டது. மொழியும் மறையும் வீட்டுக்குள் இருந்தன. ஆகவே அவர்களுக்குக் கத்தோலிக்க மறையும் போலந்து நாடும் ஒரே பற்றாக வளர்ந்தன. அதன் வலிமையும் ஆபத்தும் பின்னால் தெரியவரும்.

இக்குடும்பத்தில் முதலில் உலகறியப் பெயர்பெற்றவர் கர்தினால் மியெச்சிஸ்வாவ் லெடுகோவ்ஸ்கி (1822–1902). 1866-இல் க்னியெஸ்னோ–போஸ்னான் பேராயரானார். அப்பகுதி பிரஷ்யாவின் ஆட்சியில் இருந்தது. தொடக்கத்தில் அவர் அரசோடு மோதலைத் தேடியவரல்லர். நாட்டுப்பற்றாளர் பலர் அவரை ஐயத்தோடுதான் பார்த்தனர். பிஸ்மார்க்கின் 'பண்பாட்டுப் போராட்டம்' திருச்சபையின் மீது பாய்ந்தபோது நிலைமை மாறியது. போலந்துப் பிள்ளைகளும் ஜெர்மன் மொழியிலேயே மறைக்கல்வி கற்க வேண்டும் என்ற ஆணைக்கு அவர் பணியவில்லை. குழந்தை தன் தாயோடு பேசும் மொழியிலே கடவுளோடு பேசக்கூடாது என்று எந்த அரசு சொல்ல முடியும்? 1874 பிப்ரவரியில் கைதானார். ஆஸ்ட்ரூவ் சிறையில் இரண்டாண்டுகள் கழித்தார். சிறையில் இருந்தபோதே, 1875 மார்ச்சில், திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அவரைக் கர்தினாலாக உயர்த்தினார். விடுதலையானபின் நாடு கடத்தப்பட்டு உரோமை சேர்ந்த அவர், 1892 முதல் இறக்கும்வரை மறைபரப்புப் பேராயத்தின் தலைவராயிருந்தார். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1893-இல் இந்தியத் திருச்சபைக்கெனக் கண்டியில் பாப்பிறைக் குருமடத்தை நிறுவியபோது அப்பேராயத்தின் பொறுப்பிலிருந்தவர் இவரே. நமக்கு முந்திய தலைமுறைக் குருக்கள் பலரை உருவாக்கிய அம்மடம் 1955-இல் புனேக்கு மாற்றப்பட்டது.

கர்தினாலின் உறவினரான அந்தோனி லெடுகோவ்ஸ்கி பிரபுவும், சுவிஸ் நாட்டுச் சாலிஸ்–ஸிட்செர்ஸ் குடும்பத்தில் பிறந்த அவருடைய மனைவி யோசபினும் கீழை ஆஸ்திரியாவில் லோஸ்டார்ஃப் என்னுமிடத்தில் வாழ்ந்தனர். அங்கேதான் மரிய தெரேசா (1863), யூலியா (1865), விளாதிமீர் (1866) ஆகியோர் பிறந்தனர். 1873-இல் வியன்னாப் பங்குச்சந்தை சரிந்ததில் குடும்பச் செல்வம் பெரிதும் கரைந்தது. 1883-இல் போலந்துப் பகுதியான லிப்னிட்சாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். இரண்டாண்டுகளுக்குள் தந்தை பெரியம்மையில் இறந்தார். மூத்த மகளும் அந்நோயில் விழுந்து உயிர்பிழைத்தார். இக்குடும்பத்தைப் 'புனிதர்களின் குடும்பம்' என்று எழுதும் பக்தி நூல்கள், அரண்மனையையும் செபமாலையையும் மட்டும் காட்டி இந்த ஆண்டுகளை இரண்டு வரியில் முடித்துவிடுவது எனக்கு வியப்பாயிருக்கிறது. பட்டம் இருந்தும் பணம் இல்லாத வீட்டில் வளரும் பிள்ளைக்கு உலகம் வேறுவிதமாகத் தெரியும் அல்லவா?

மரிய தெரேசா சால்ஸ்பர்க்கில் தஸ்கனிப் பெருங்கோமகளின் தோழியாக அரசவைப் பணி ஏற்றார். 1888-இல் கர்தினால் லவிஜெரி ஆப்பிரிக்க அடிமை வணிகத்தை எதிர்த்து ஐரோப்பாவெங்கும் குரலெழுப்பினார். எழுத வல்ல பெண்கள் எழுத்தால் உதவவேண்டுமென்று கேட்டார். நாடகங்களும் அரட்டையும் நிறைந்த அந்த அவையில் ஒரு பெண்ணின் உள்ளத்தில் அவ்வேண்டுகோள் தைத்தது. 1889-இல் 'ஆப்பிரிக்காவின் எதிரொலி' என்ற இதழைத் தொடங்கினார். பின்னர் அரசவையை விட்டு விலகி, 1894-இல் புனித பீட்டர் கிளேவர் பெயரால் ஒரு சபையை நிறுவினார். அச்சகம் வைத்து, ஆப்பிரிக்க மொழிகளிலேயே மறைக்கல்வி நூல்களையும் விவிலியப் பகுதிகளையும் அச்சிட்டு அனுப்பினார். ஆப்பிரிக்க மண்ணில் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. தன் குலத்தாரும் நாட்டாரும் அல்லாத, முகமறியாத மக்களுக்காக முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதி, 1922-இல் இறந்தார். 1975-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார்.

யூலியா 1886-இல் க்ராக்கோ நகர ஊர்சுலா மடத்தில் சேர்ந்து ஊர்சுலா என்ற பெயர் பெற்றார். துறவற உடைக்குத் தடையிருந்த ரஷியாவுக்கு, திருத்தந்தை பத்தாம் பத்திநாதரின் ஆசியோடு, 1907-இல் சாதாரண உடையில் சென்று பீட்டர்ஸ்பர்க்கில் பெண்பிள்ளைகளுக்குப் பணிபுரிந்தார். ஃபின்லாந்தில் கத்தோலிக்கர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே என்றபோதிலும் அம்மக்களின் மொழியைக் கற்று மறைக்கல்வி நூலை அம்மொழியில் தந்தார். 1914-இல் போர் மூண்டதும் ஆஸ்திரியக் குடிமகள் என்பதால் ரஷியா அவரை வெளியேற்றியது. ஸ்வீடனுக்கும் டென்மார்க்குக்கும் சென்று அந்நாட்டு மொழிகளையும் கற்று, போரால் நொறுங்கிய போலந்துக்காக மேடைதோறும் பேசினார். அவருடைய அரசியல் எது என்று கேட்டவர்களுக்கு அன்பே தம் அரசியல் என்று பதில் சொன்னார். 1920-இல் ப்னியெவி என்ற ஊரில் புதிய சபையொன்றை வேரூன்றச் செய்தார். 1939-இல் இறந்த அவரை 2003 மே 18 அன்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் புனிதராக அறிவித்தார்.

இதுவரை கதை இனிதாகவே செல்கிறது. நம் ஞாயிறு மறையுரைகளில் இங்கேயே நிறுத்திக்கொள்வோம். தம்பி விளாதிமீரையும் பேசாமல் இக்குடும்பத்தை அறிய இயலாது.

இளமையில் பேரரசரின் அவையில் பணிச்சிறுவனாயிருந்த விளாதிமீர், 1889-இல் இயேசு சபையில் சேர்ந்து, 1915-இல் அதன் தலைமை அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இத்தாலி போரில் இறங்கியதும், ஆஸ்திரியக் குடிமகனான அவர் உரோமையை விட்டு, தாய்வழிக் குடும்பத்தின் ஊரான ஸிட்செர்ஸில் தங்கிச் சபையை நடத்தினார். 1942 வரை நீண்ட அவருடைய காலத்தில் ஏறத்தாழ 17,000 பேர் இருந்த சபை 26,000-க்கு மேல் வளர்ந்தது. உழைப்பு, ஒழுங்கு, திருத்தந்தையிடம் பணிவு ஆகியவற்றில் எவரும் குறை சொல்ல முடியாத துறவி.

இயேசு சபையில் ஒரு பழைய விதி இருந்தது. யூத வழியில் வந்தவர் சபையில் சேரலாகாது என்று 1593-இல் ஐந்தாம் பொதுப்பேரவை ஆணையிட்டது. புனித இஞ்ஞாசியாருக்குப்பின் சபையை ஆண்ட லைனஸ் அடிகளாரே யூத மரபினர் என்பதை எண்ணினால் இவ்விதி எத்துணை நன்றிகெட்டது என்று விளங்கும். 1923-இல் விளாதிமீரின் தலைமையில் கூடிய 27-ஆம் பொதுப்பேரவை அதை நீக்கவில்லை. நான்கு தலைமுறைக்குள் என்று வரம்பிட்டு வைத்துக்கொண்டது. அதே 1923-இல்தான் இயேசு சபைக் குருவான திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை புதிய தூத்துக்குடி மறைமாவட்டத்தின் ஆயராகி, இக்கால இந்தியாவின் இலத்தீன் திருச்சபைக்கு முதல் இந்திய ஆயரானார். ஓரிடத்தில் இரத்தத்தின் வேலி தாண்டப்பட்டது. இன்னோரிடத்தில் தலைமுறை எண்ணி வேலி காக்கப்பட்டது. இரண்டும் ஒரே சபையில், ஒரே தலைவரின் காலத்தில் நடந்தன.

1938-இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் இனவெறியைக் கண்டித்துச் சுற்றுமடல் எழுத விரும்பி, அமெரிக்க இயேசு சபைக் குரு ஜான் லஃபார்ஜிடம் அப்பணியை ஒப்படைத்தார். தலைமை அதிபர் இன்னும் இருவரை அவருக்குத் துணையாகத் தந்தார். இலையுதிர்காலத் தொடக்கத்தில் வரைவு அவர் கைக்கு வந்தது. அவர் அதைத் திருத்தந்தையிடம் உடனே சேர்க்காமல், சீராக்குவதற்கென வேறொரு குருவிடம் அனுப்பினார். அக்குரு நவம்பரில் இறந்துபோனார். வரைவு திருத்தந்தையை அடைந்தபோது அவர் நோயுற்றிருந்தார். 1939 பிப்ரவரி 10 அன்று இறந்தார். மடல் வெளிவரவேயில்லை. வரைந்தவர்களுள் ஒருவரான குண்ட்லாக் அடிகளாரே இத்தாமதம் வேண்டுமென்று செய்யப்பட்டதோ என ஐயுற்றார். அந்த வரைவிலும் யூதரைப்பற்றிய பழைய தப்பெண்ணங்கள் கலந்திருந்தன என்பதையும் சொல்லவேண்டும்.

விளாதிமீரைக் கொடியவர் என்று தள்ளிவிடுவது எளிது, அது நேர்மையாகாது. 1940 ஜனவரியில் இயேசு சபையார் நடத்திய வத்திக்கான் வானொலி, ஜெர்மானியர் கையில் போலந்து மக்களும் யூதரும் படும் கொடுமைகளை உலகுக்கு உரைத்தது. எனினும் மூன்று உடன்பிறப்புகளையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்க்கையில் ஒன்று தெளிவாகிறது. ஒரே தாய் கற்பித்த செபம், கர்தினாலின் சிறைக்கதை, பறிபோன நாட்டின் துயரம் ஆகியவை மூவருக்கும் பொதுவான சொத்து. திருச்சபையைத் தாக்குபவனை அடையாளம் காண அச்சொத்து அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. பொதுவுடைமையின் ஆபத்தை விளாதிமீர் கூர்மையாகக் கண்டதும் அதனால்தான். ஆனால் திருச்சபைக்கு வெளியே அடிபட்டுக் கிடப்பவனைக் காணும் கண்ணை அது தானாகத் தந்துவிடவில்லை. எரிகோ சாலையில் விலகிப்போன குருவும் லேவியரும் குலத்தில் குறைந்தவர்களா? மரிய தெரேசா அந்தக் கண்ணை அரசவையில், கையில் கிடைத்த ஓர் உரையிலிருந்து பெற்றார். ஊர்சுலா அதை நாடுகடத்தப்பட்ட ஆண்டுகளில், அந்நியர் மொழியை எழுத்துக்கூட்டிப் படித்துப் பெற்றார். இருவரும் குடும்பம் தந்ததை விட்டு ஓரடி வெளியே வைத்தபோதே அது கிடைத்தது. தம்பியோ பெரும் நிறுவனம் ஒன்றின் மையத்தில் அமர்ந்து அதைக் காத்துக்கொண்டிருந்தார். காப்பவனுக்கு வாசலுக்கு வெளியே பார்க்க நேரமிருப்பதில்லை. பங்கைக் காக்கும் பொறுப்பிலுள்ள என்போன்றோர்க்கு இது அச்சம் தரும் செய்தி.

அவர்களுடைய இன்னொரு சகோதரர் இக்னாசி போலந்துப் படையில் தளபதியாயிருந்தவர். 1944-இல் ஜெர்மானியர் அவரைக் கைது செய்தனர். அடுத்த ஆண்டு, போர் முடிய இரண்டு மாதங்களே இருந்தபோது, டோரா வதைமுகாமில் அவர் இறந்தார். எழுபது வயதைக் கடந்த அந்தப் பிரபுவின் பட்டத்தை அங்கே எவரும் கேட்டிருக்கப் போவதில்லை. விளாதிமீர் அதற்கு முன்பே, 1942 டிசம்பரில், உரோமையில் கண்மூடியிருந்தார். அவருக்குப் பின் புதிய அதிபரைத் தேர்ந்தெடுக்க 1946-இல் கூடிய பொதுப்பேரவை, தலைமுறைகளை எண்ணும் அந்த விதியை நீக்கிவிட்டது.