'இல்லை' என்னும் விடை

பொதுப் பணத்தைக் கையாள்வோர் எளிதாகச் சொல்லிவிடும் விடை ஒன்று உண்டு. 'பணம் இல்லை' என்பதே அது. கேட்டவர் வாயடைத்துப் போவார். கணக்கேட்டை எதிர்த்து யார்தாம் வாதிட இயலும்? ஆயினும் அவ்விடைக்குள் இரு பொருள்கள் மறைந்துள்ளன. கொடுக்க இயலவில்லை என்பது ஒன்று. கொடுக்க மனமில்லை என்பது மற்றொன்று. முன்னது இடர், பின்னது அநீதி. இரண்டும் ஒரே சொல்லை உடுத்து வரும்போது அவற்றைப் பிரித்தறிவது எங்ஙனம்?

அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தைச் சேர்ந்த மெம்ஃபிஸ் நகரின் வரலாறு இவ்வினாவுக்கு வெளிச்சம் தருகிறது.

அந்நகராட்சி பூங்காக்களையும் கோல்ஃப் திடல்களையும் நடத்தி வந்தது. ஆட வருவோர் பலராயினும் சிலராயினும் செலவு குறையாத சொத்து கோல்ஃப் திடல். புல்லுக்கு நீர் பாய்ச்ச வேண்டும். ஓயாது வெட்டிச் சீராக்க வேண்டும். ஆடுவோர் செலுத்தும் கட்டணம் போதாத ஆண்டில் பற்றாக்குறை பொதுக் கருவூலத்தின் மீதே விழும். இது தன்னளவில் குற்றமன்று. செல்வர் தம் மன்றங்களில் ஆடும் ஆட்டத்தைச் சிறு கட்டணத்தில் எளியோரும் ஆடட்டும் என்பது நல்ல நோக்கமே.

ஆனால், வரி செலுத்திய கறுப்பின மக்களுக்கு நகரின் பொழுதுபோக்கு இடங்கள் பலவும் அடைபட்டிருந்தன. அவர்கள் வழக்குத் தொடுத்தபோது, படிப்படியாகவே திறக்க முடியும் என்றது நகராட்சி. மேற்பார்வைக்கு நிதி போதாது என்பதும் அது காட்டிய காரணங்களுள் ஒன்று. 1963 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. வழங்குவதைவிட மறுப்பது மலிவு என்னும் கணக்கைக் கொண்டு உரிமையை நிறுத்தி வைத்தல் ஆகாது என்பது தீர்ப்பின் கருத்து.

ஐந்தாண்டுகள் கழிந்தன. 1968 பிப்ரவரி 1 அன்று, மழைக்காகக் குப்பை வண்டியின் பின்புறம் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்னும் இரு தொழிலாளர், குப்பையை அழுத்தும் பொறி திடீரென இயங்கியதால் நசுங்கி மாண்டனர். பிப்ரவரி 12 முதல் ஏறத்தாழ 1,300 துப்புரவுத் தொழிலாளர் வேலைக்குச் செல்லவில்லை. முழு நேரம் உழைத்தும் அரசின் உதவியை நாடி வாழ்ந்த குடும்பங்கள் அவர்களிடையே பல. 'நான் ஒரு மனிதன்' என்றெழுதிய அட்டைகளைச் சுமந்து அவர்கள் வீதியில் நடந்தனர்.

நகர ஊழியர் வேலைநிறுத்தம் செய்வது சட்டத்துக்குப் புறம்பு என்றும், குப்பை தேங்கினால் மக்கள் நலம் கெடும் என்றும் மேயர் ஹென்றி லோப் வாதிட்டார். இதனை எளிதில் தள்ளிவிடக் கூடாது. ஊர் நோயுறுவதை யார் விரும்புவர்? ஆயினும், ஒருவன் கை ஓய்ந்தால் ஊரே நோயுறும் எனில், அவன் தொழில் அத்துணை இன்றியமையாதது என்பதன்றோ பொருள்? அதற்கு வயிறு நிறையாக் கூலி கொடுப்பது எந்த நியாயம்?

இனி, நாம் தேடிய உரைகல்லுக்கு வருவோம். தொழிலாளர் கோரியவற்றுள் முதன்மையானவை இரண்டு. தம் சங்கத்தை நகராட்சி ஏற்க வேண்டும். சந்தாவைச் சம்பளத்தில் பிடித்துச் சங்கத்திடம் சேர்க்க வேண்டும். சந்தா தொழிலாளியின் சொந்தப் பணம். கருவூலத்துக்கு இதனால் பெருஞ்செலவு ஏதுமில்லை. இவற்றையே மேயர் உறுதியாக மறுத்தார். பணத்தைக் காரணம் காட்ட இயலாத இடத்திலும் மறுப்பு நிலைத்து நின்றது எனில், தட்டுப்பாடு பெட்டியிலா, நெஞ்சிலா?

அவர்களுக்குத் துணை நிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று அந்நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். பன்னிரண்டே நாளில், ஏப்ரல் 16 அன்று, உடன்பாடு ஏற்பட்டது. சங்கம் ஏற்கப்பட்டது, மணிக்கு 15 சென்ட் ஊதிய உயர்வு இரு தவணைகளில் ஒப்புக்கொள்ளப்பட்டது. முதல் சில மாதங்களுக்கான தொகையை வணிகர் ஒருவர் நன்கொடையாக அளித்தார். இயலாது எனப்பட்டது இத்துணை விரைவில் இயன்றது; அதற்குள் எத்துணைப் பெரிய விலை கொடுக்க நேர்ந்தது! எஞ்சியிருந்த அன்றைய தொழிலாளர்க்குப் போதிய ஓய்வூதியம் இல்லாத குறையை ஈடு செய்ய, 2017இல்தான் நகராட்சி ஆளுக்கு 50,000 டாலர் அறிவித்துப் பின்னர் அதனை 70,000 ஆக உயர்த்தியது. அதற்குள் பலர் மறைந்துவிட்டனர்.

கோல்ஃப் திடலை மூடிவிடுக என்று நாம் சொல்ல வரவில்லை. ஊருக்குப் பசும்புல்லும் வேண்டும், ஓய்வும் வேண்டும். பொதுக் கருவூலம் ஓர் அமானிதம். அதனைக் காப்பவர் கூட்டல் கழித்தலில் பிழையின்றி இருந்தால் மட்டும் போதாது. யாருடைய தேவை முதல் வரியில் எழுதப்பட்டது, யாருடையது கடைசி வரியில் விடப்பட்டது என்பதற்கும் அவர் விடை சொல்லியாக வேண்டும்.

'பணம் இல்லை' என்று கேட்கும்போதெல்லாம், 'வேறு எதற்கு இருக்கிறது?' என்று மறுவினா எழுப்புவது குடிமக்களின் கடமை. நம் இல்லத்தில் பாத்திரம் துலக்குபவரும் கடையில் மூட்டை சுமப்பவரும் கூலி உயர்வு கேட்கும் நாளில், அதே வினாவை நம்மை நோக்கியும் எழுப்பிக் கொள்வோமாக.