குற்றமும் அதன் இடமும்

ஒருவரது கணக்கில் பிழை இருப்பதை உறுதியாக அறிகிறோம். அறிந்ததைச் சொல்லியும் விடுகிறோம். அத்துடன் நம் கடமை முடிந்துவிடுகிறதா? இவ்வினா எழும்போதெல்லாம் ஒரு பேரெண்ணின் வரலாறு எம் நினைவுக்கு வருகிறது.

ஒன்றை 67 முறை இரட்டித்து, வந்த தொகையில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது 147573952589676412927. 21 இலக்கங்கள் கொண்ட எண். 1644-ஆம் ஆண்டில் மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி இதனைப் பகா எண் என்று பட்டியலிட்டார். அதாவது, ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண் என்றார். பெரியவர் சொல் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. 1876-இல் லூக்காஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் அது பகா எண் அன்று என மெய்ப்பித்தார். ஆனால் எந்த எண்களால் அது வகுபடும் என்பதை அவர் கையாண்ட முறை காட்டவில்லை. பிழை உண்டு என்பது உறுதி. அது திறக்கும் வாயில் மட்டும் எவருக்கும் புலப்படவில்லை.

1903 அக்டோபரில் நியூயார்க் நகரில் அமெரிக்கக் கணிதக் கழகம் கூடியது. ஃபிராங்க் நெல்சன் கோல் என்பவர் எழுந்து, ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் அப்பேரெண்ணைக் கணக்கிட்டு எழுதினார். மறுபுறம் 193707721, 761838257287 என்னும் இரண்டையும் வைத்துப் பெருக்கினார். இரு விடைகளும் ஒன்றாயின. அவர் மௌனமாகவே அமர, அவை கைதட்டி ஆர்ப்பரித்தது என்று கணித வரலாற்றை எழுதிய ஈ. டி. பெல் கூறுகிறார். எத்துணைக் காலம் உழைத்தீர் என்று பின்னாளில் பெல் கேட்டபோது, மூன்றாண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம் கோல்.

இன்று கணிப்பொறி இதனை நொடியில் செய்துவிடும். ஆயினும் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எம்மைச் சுடுகின்றன. ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரின் நிலுவைத் தொகைப் பட்டியலை, 'கூட்டுத்தொகை பொருந்தவில்லை' என்று குறிப்பெழுதி இருமுறை திருப்பியனுப்பினோம். குறிப்பில் பொய் இல்லை. மூன்றாம் முறை அவரே கடும் வெயிலில் வந்து, "எங்கே பொருந்தவில்லை ஐயா?" என்றார். கோப்பைப் பிரித்தோம். வேறுபாடு 45 ரூபாய். இரு இலக்கங்கள் இடம் மாறினால் வேறுபாடு ஒன்பதால் வகுபடும் என்பது கணக்கர் அனைவரும் அறிந்ததே. 38 என வரவேண்டிய இடத்தில் 83 இருந்தது. பத்து நிமிட வேலை! அதனைச் செய்யாததால் அவர் இரண்டு மாதம் காத்திருந்தார்.

லூக்காசின் முடிவை யாம் குறைத்துரைக்கவில்லை. அவர் தம் எல்லைவரை சென்று நின்றார். யாமோ எல்லைக்கு நெடுந்தொலைவிலேயே நின்றுவிட்டோம். இரண்டு நிலைகளுக்கும் வேறுபாடு மிகப் பெரிது.

இறைவன் பாட்டிலும் குற்றம் கண்டார் என்று நக்கீரரைப் போற்றுகிறோம். குற்றம் இன்ன இடத்தில் என்று அவர் எடுத்துரைத்ததை மறந்துவிடுகிறோம். தமிழகத்துக்கு வெளியே வளரும் நம் குழந்தை, "பாட்டி வந்தான்" என்கிறது. நாம் சிரிக்கிறோம், 'உன் தமிழ் சரியில்லை' என்கிறோம். மறுநாள் முதல் அது நம்மிடம் இந்தியிலேயே பேசுகிறது. 'வந்தார்' என்று அன்போடு எடுத்துச் சொல்ல மூன்றாண்டுகள் தேவையில்லை. ஒரு கணம் போதும்.

குற்றம் கூறுதல் அறிவு; அதன் இடத்தைக் காட்டுதல் அறம். ஞாயிற்றுக்கிழமைகள் நமக்கும் இருக்கின்றன.