முதுசொமும் குத்தகையும்

ஒரு நாட்டின் தொல்சின்னங்களைத் தனியார் கம்பனிகளின் பொறுப்பில் விடுவது குறித்த வாதங்கள் பெரும்பாலும் வருவாயும் செலவும் பற்றியனவாகவே அமைகின்றன. ஆயின், கணக்குப் பார்ப்பதற்கு முன்னர் விடை காணவேண்டிய அறவினா ஒன்று உளது. கொடுப்போருக்கு அப்பொருள் உரியதுதானா என்பதே அது.

டில்லிச் செங்கோட்டையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தொல்சின்னங்களைத் தனியார் 'தத்தெடுக்கும்' திட்டமொன்றை இந்திய அரசு 2017இல் தொடக்கியது. அதன்கீழ் 2018இல், ஐந்தாண்டுகளுக்கு 25 கோடி ரூபா செலவிடும் உடன்பாட்டுடன், சீமெந்து உற்பத்தியில் ஈடுபட்ட டால்மியா பாரத் குழுமம் செங்கோட்டையைப் பொறுப்பேற்றது. கோட்டை குத்தகைக்கு விடப்பட்டதென எதிர்க்கட்சிகள் கண்டித்தன. இலாபம் ஈட்ட இடமில்லை. குடிநீர், கழிப்பிடம் முதலிய வசதிகளை அமைப்பதே குழுமத்தின் பணி என அரசு விடையிறுத்தது.

அரசின் கையில் இருப்பதனால் மட்டும் தொல்சின்னம் காக்கப்பட்டுவிடும் என்பதற்கில்லை. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின் கோட்டையின் உள்மாளிகைகளுட் பெரும்பாலானவற்றை இடித்துப் படைவீடுகளை எழுப்பியது பிரித்தானிய ஆட்சியே. சுதந்திரத்தின் பின்னரும் 2003 வரை இராணுவம் அங்கு தங்கியிருந்தது. எனவே அரசு நல்லது, தனியார் தீது என்பது விடையாகாது.

யாழ்ப்பாணத்துத் தேசவழமை முதுசொமையும் தேடிய தேட்டத்தையும் வெவ்வேறாகவே நோக்குகின்றது. தொல்சின்னம் எந்தத் தலைமுறையும் தேடிய தேட்டமன்று. முன்னோர் தந்ததும் பின்னோர்க்குச் சேரவேண்டியதுமான முதுசொம். இன்றைய அரசு அதன் உடைமையாளரன்று, தருமகர்த்தாவே. கோயிலைக் கூட்டவும் விளக்கேற்றவும் தருமகர்த்தா பிறரை அமர்த்தலாம். கோயிலை அவர்க்கு உரிமையாக்க முடியாது.

அவ்வாறே, வசதிகளை அமைக்கும் பணியைக் கம்பனியிடம் விடலாம். யார் உள்ளே வரலாம், வந்தோர்க்கு எவ்வரலாறு கூறப்படும் எனத் தீர்மானிக்கும் அதிகாரத்தை விடலாகாது. 1858இல் பகதூர் ஷாவும் 1945இல் இந்திய தேசிய இராணுவ அதிகாரிகளும் குற்றஞ்சாட்டப்பட்டு விசாரிக்கப்பட்டது இக்கோட்டையிலேயே. தோல்வியும் துயரும் கலந்த இவ்வரலாற்றை, வருவோரை மகிழ்விப்பதையே நோக்காகக் கொண்டோர் மெல்ல மறைத்துவிடக்கூடும். அரசும் மறைக்கலாம், ஆயின் அரசைப் பாராளுமன்றத்திற் கேள்வி கேட்கலாம், வாக்கினால் அகற்றலாம். கம்பனியோ தன் பங்குதாரருக்கே கணக்குக் காட்டும்.

ஆகவே, உடன்பாட்டின் பெயர் குத்தகையா தத்தெடுப்பா என்பது இங்கு அளவுகோலன்று. கேள்வி கேட்கும் குடிமகனுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர் யார் என்பதே அளவுகோல். அக்கடமையையும் சேர்த்துக் கைமாற்றும் அரசு, தனக்கு உரியதல்லாத ஒன்றை விற்றதாகவே கொள்ளப்படும்.