சிலையும் நடுகல்லும்

இறந்தோரை நினைத்தல் வேறு; தலைவனைத் தொழுதல் வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் கேட்டினை மன்னாரில் வாழும் நாம் நன்கறிவோம்.

நமது மாவட்டத்தின் ஆட்காட்டிவெளியில் விடுதலைப் புலிகளின் துயிலுமில்லம் ஒன்று இருந்தது. அதன் கல்லறைகளை இராணுவம் தகர்த்தது. வல்வெட்டித்துறையில் பிரபாகரனின் பூர்வீக இல்லம் 2010இல் தரைமட்டமாயிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி 2021 ஜனவரி 8ஆம் நாள் இரவில் இடிக்கப்பட்டது. மாணவர் உண்ணாநோன்பிருந்து போராடிய பின்னரே மீண்டும் எழுந்தது. கிளிநொச்சியிலோ அரசின் வெற்றிச்சின்னம் நிமிர்ந்து நிற்கிறது. வென்றவனுக்குக் கல் உண்டு, மகனைப் பறிகொடுத்த தாய்க்குக் கல்லறையும் இல்லை என்பது நீதியாகாது. நவம்பர் 27இல் அவள் ஏற்றும் விளக்கைத் தடுக்க எவ்வரசுக்கும் உரிமையில்லை.

இடிப்பினால் விளைந்த தீங்கு இன்னொன்றும் உண்டு. அழுவதற்கே உரிமையற்ற இடத்தில் ஆராய்வதற்கு வழியேது? தலைவனைக் குறைகூறுவோன் இடித்தவனுக்குத் துணைபோனவன் ஆகிவிடுகிறான். இவ்வாறு கேள்விக்கு அப்பாற்பட்டவனாக்கப்பட்ட மனிதனுக்கே சிலை எழுகிறது. நாகப்பட்டினத்தை அடுத்த தெற்குப் பொய்கைநல்லூரில் 2015இல் பிரபாகரனுக்குக் கோயிலிலேயே சிலை வைத்தனர். காவல்துறை அதனை அகற்றியது. அகற்றியதால் கேள்வி அகன்றுவிடவில்லை.

அவரை ஏற்போரின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. 1985 ஜனவரியில் வங்காலையில் அருட்தந்தை மேரி பஸ்டியன் படையினரால் கொல்லப்பட்டார். அத்தகைய நாட்களில்தான் இளைஞர் ஆயுதத்தை நாடினர். ஆயின், 1990 அக்டோபர் இறுதியில் எருக்கலம்பிட்டி முஸ்லிம்களை இத்தீவினின்றும் வெளியேறப் பணித்தது யார்? படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கி, புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் ஆண்டுகள் பலவற்றைக் கழித்தோர் நம் அயலவர். வடமாகாணமெங்கும் அவ்வாறு விரட்டப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். 2002இல் அவ்வியக்கமே அதற்கு வருத்தம் தெரிவித்தது. 1986இல் கொல்லப்பட்ட மாற்றியக்கத்து இளைஞரும், படையிற் சேர்க்கப்பட்ட சிறாரும் நம் பிள்ளைகளே. ஒரு முகத்தை மட்டும் கல்லில் வடிக்கும்போது இவர்கள் அனைவரும் அக்கல்லின் பின்னே மறைந்துபோகின்றனர்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த சிக்கலன்று. உக்ரேனின் லிவீவ் நகரில் 2007இல் ஸ்தெபான் பண்டேராவுக்குச் சிலை எழுந்தது. அதில் உக்ரேனியர் பலர் விடுதலையைக் காண்கின்றனர். போலந்து மக்களோ 1943இல் வொலினியாவில் அவர் இயக்கத்தார் நடத்திய படுகொலையைக் காண்கின்றனர்.

நம் முன்னோர் நட்ட நடுகல், வீழ்ந்தவனின் பெயரையும் அவன் வீழ்ந்த விதத்தையும் சொல்லியது. ஊராரைக் காக்க மாண்டவனுக்கு ஊரார் செலுத்திய கடன் அது. அயலவரை ஊரைவிட்டு விரட்டிய செயலுக்கு அதில் இடமேது?

வெளியேற்றப்பட்டோரின் பேரனும் களத்தில் மாண்டவனின் மருமகனும் இன்று நம் வகுப்பறையில் ஒரே வாங்கில் அமர்கின்றனர். இருவரும் தலைகுனியாது ஒருங்கே நிற்கக்கூடிய நினைவுச்சின்னமே நமக்கு வேண்டும். ஆட்காட்டிவெளியின் கல்லறைகள் பெற்றோரிடம் மீளட்டும். அதற்காக நாம் குரல் கொடுப்போம். அத்தோடு, 1990இல் படகுகள் புறப்பட்ட கரையிலும் ஒரு கல் எழட்டும். அதனை நடவேண்டியவர் அரசினர் அல்லர், விரட்டப்பட்டோரும் அல்லர். அன்று வாய்திறவாது நின்ற தமிழராகிய நாமே.