கன்று வீச்சு நோயும் கொல்லாமை அறமும்

வழிபாட்டுக்குரிய பசு தன்னைப் பேணுபவருக்கே நோயைத் தருமாயின், அதை வினைப்பயன் என்று ஏற்பதா, மனிதக் கடமையில் நேர்ந்த தவறாகக் கொள்வதா என்ற கேள்வி, மாட்டோடு கூடி வாழும் சமயப் பண்பாட்டில் எழாமல் இராது. மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்தில், பல்லவர் காலத்துக் கோவர்த்தனச் சிற்பத்தில், ஆயன் ஒருவன் குந்தியிருந்து பால் கறக்க, பசு தலையைத் திருப்பித் தன் கன்றை நக்குகிறது. கண்ணன் தாங்கும் மலையின் கீழ் ஆயருக்கும் ஆநிரைக்கும் புகலிடம் ஒன்றே.

அந்த நெருக்கமே புருசெல்லா என்னும் நுண்ணுயிரிக்கும் வழியாகிறது. அது தொற்றிய மாடு பெரும்பாலும் சினையின் பிற்பகுதியில் கன்றை வீசிவிடும். அதனால் அந்நோய்க்குக் கன்று வீச்சு நோய் என்று பெயர். வீசிய கன்றிலும் நஞ்சுக்கொடியிலும் கருப்பை நீரிலும் கிருமி செறிந்திருப்பதால், உறையில்லாத கையால் நஞ்சுக்கொடியை எடுப்பவருக்கும், காய்ச்சாத பாலை அருந்துபவருக்கும் அது தொற்றி, ஏறி இறங்கும் காய்ச்சலாகவும் மூட்டுவலியாகவும் வாரக்கணக்கில் வாட்டுகிறது. 1887இல் மால்டா தீவில் டேவிட் புரூஸ் இக்கிருமியைக் கண்டறிந்தார். ஆட்டுப்பாலே அங்கு அதைப் பரப்பியது என்பதைத் தெமிஸ்டோக்ளிஸ் சம்மித்தின் ஆய்வு 1905இல் காட்டியது. பாலைக் காய்ச்சினால் கிருமி இறந்துவிடும். ஆனால் அபிஷேகத்துக்குப் பச்சைப் பாலே செல்கிறது, அதைப் பிரசாதமாகப் பருகுவோரும் உண்டு.

மேலைநாடுகள் பலவற்றில் நோயுற்ற மாட்டைக் கண்டறிந்து கொன்றே இந்நோயை அடக்கினர். கொல்லாமையைத் தனி அதிகாரமாக வகுத்த வள்ளுவரையும், சீவகாருண்யத்தை ஒழுக்கமாக்கிய வள்ளலாரையும் போற்றும் மண்ணில் அவ்வழிக்கு மனம் இசையாது. இசையாமையில் பிழையும் இல்லை. ஆனால் கொல்லாமல் விட்ட மாட்டை, கன்று வீசியதை மறைத்துச் சந்தையில் தள்ளிவிடும்போது, வாங்கியவரின் கொட்டிலுக்கும் குடும்பத்துக்கும் நோய் போய்ச் சேர்கிறது. அந்த மௌனத்தைக் கருணை என்று எந்தச் சமயமும் ஏற்காது. கொல்லாமையை மெய்யாகக் கைக்கொள்பவருக்கு, நோயுற்றதைத் தனியே கட்டிப் பேணுவதும், வீசிய கன்றைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைப்பதும் அறத்தின் பகுதிகளே ஆகும்.

இவற்றுக்கு முற்பட்ட கடமை தடுப்பூசி. 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ், நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரே முறை அது போடப்படுகிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் கிடாரிக் கன்று வைத்திருப்போர், அந்த வயது கடக்குமுன் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுக வேண்டும்.