நந்தவனமும் புள்ளினமும்



இளவேனில் வந்துற்றது. சித்திரையும் வைகாசியும் திருநந்தவனப் பணிக்குச் சிறந்த திங்கள்கள். மல்லிகை மிகுதியாக மலருங் காலமும் இதுவே. வெயில் ஏறுமுன்னும் சாய்ந்த பின்னும் நீரிறைத்தல், பாத்தி கொத்திக் களை களைதல், செடியடியிற் சருகு பரப்பி ஈரங் காத்தல், பட்ட கொம்புகளை அரிதல் என்பன தொண்டர் செய்யற்பாலன. இவையெல்லாம் சரியையில் அடங்கும். அப்பர் சுவாமிகள் உழவாரம் ஏந்தியதும், முருகநாயனார் திருப்புகலூரில் மலர் கொய்து மாலை தொடுத்துச் சாத்தியதும் இந்நெறியின் மாண்பைக் காட்டும்.

இப்பருவத்திற் பறவைகளும் கூடு கட்டுகின்றன. தையற்சிட்டு அகன்ற இலையின் ஓரங்களைப் பஞ்சிழையாலும் சிலந்தி நூலாலும் தைத்து அதனுள் முட்டையிடும். தேன்சிட்டு கொம்பின் நுனியிற் பை போலும் கூட்டைத் தொங்கவிடும். கொண்டைக்குருவி புதரினுட் சிறு கிண்ணம் போலக் கூடமைக்கும்.

ஈண்டு ஒரு தடை நிகழும். "பறவையெச்சம் பட்ட மலரும், புழுக்கடியுற்ற மலரும் பூசைக்கு ஆகா என்பது விதி. ஆதலின் கூட்டைக் களைந்து புள்ளினை ஓட்டுதலே ஆசாரம்" என்பர் சிலர். அடியேனும் இளமையில் அங்ஙனமே எண்ணினேன். ஒரு பிரதோஷ நாளிற் கூடிருப்பதை அறிந்தும் நந்தியாவட்டைக் கொம்பொன்றை அரிந்தேன். கண் திறவாத குஞ்சுகள் இரண்டு மண்ணில் வீழ்ந்து மாண்டன. அன்று மாலை மலர் தூயதாயிருந்தது. அதனை ஏந்திய கை தூயதாயில்லை. ஆண்டு நாற்பதுக்கு மேலாகியும் அத்தாய்க்குருவியின் கூவல் என் செவியை விட்டு நீங்கிற்றில்லை.

அத்தடைக்கு விடை யாதெனின், அவ்விதி மலரை விலக்கிற்றேயன்றி உயிரை விலக்கிற்றன்று என்க. எச்சம் பட்ட பூவை விடுத்து அயலிலுள்ள பூவைக் கொய்தல் எளிது. அன்றியும், தையற்சிட்டு தன் குஞ்சுகட்கு ஊட்டுவன இலையையும் அரும்பையும் அரிக்கும் புழுக்களே. புழுக்கடி குற்றமாயின் அக்குற்றத்தைக் குறைக்கும் புள் தொண்டுக்குத் துணையாவதன்றிப் பகையாதல் யாங்ஙனம்? அகப்பூசைக்குரிய எண்மலருள் முதற்கண் வைத்தெண்ணப்படுவது கொல்லாமை. அதனை இழந்து புறமலர் ஏந்துதல் முதலை இழந்து வட்டி தேடுவதனோடு ஒக்கும்.

முட்டை, வேர்வை, வித்து, கருப்பை என நூல்கள் கூறும் நால்வகைத் தோற்றமும் நந்தவனத்தில் ஒருங்கே உள்ளன. நீரிறைக்கும் தொண்டனும் அந்நால்வகையுள் ஒருவனே. மலத்தாற் கட்டுண்டு வினைவழி உடல் கொண்டமையில் அவனுக்கும் அக்குருவிக்கும் வேற்றுமை இல்லை.

ஆதலின், கூடுள்ள கொம்பை அரியாது விடுக. தையற்சிட்டு ஏறக்குறைய 12 நாள் அடைகாக்கும்; பொரித்த குஞ்சுகள் மேலும் 14 நாளளவிற் பறந்துவிடும். ஒரு திங்கள் பொறுத்தல் ஒரு பெருந்தவமன்று. நிழலில் அகன்ற மண்தட்டொன்று வைத்து, இரண்டு விரற்கடை ஆழத்துக்கு நீர் வார்த்து, சிறு புட்கள் நிற்க நடுவே ஒரு கல் இடுக. நாடோறும் தட்டைக் கழுவிப் புதுநீர் பெய்க.

சடாயு வழிபட்ட திருப்பதி புள்ளிருக்குவேளூர் என்றே பெயர் பெற்றது. புள்ளின் பூசையை ஏற்ற பெருமான், புள்ளை ஓட்டிய கையின் மலரை எங்ஙனம் உவப்பான்? சிந்திக்க.

திருச்சிற்றம்பலம்.