வீடு விற்பவனின் தர்மம்

வீட்டை விற்க முற்படும் கிருகஸ்தனுக்கு உற்றாரும் ஊராரும் சொல்லும் யோசனைகளுக்குக் குறைவே இராது. எடுத்த எடுப்பிலேயே விலையை எட்டாத உயரத்தில் வைத்துவிடாதே என்பார் ஒருவர். பதிவில்லாத புரோக்கரை நம்பிச் சாவியைக் கொடுத்துவிடாதே என்பார் மற்றொருவர். கிராண்டு யார் பெயரில் இருக்கிறது, வங்கிக் கடன் எவ்வளவு மிச்சம், நிலவரியும் மதிப்பீட்டு வரியும் கட்டித் தீர்ந்தனவா என்பதையெல்லாம் பார்த்துக்கொண்டு, பிறகு விளம்பரப் பலகையை மாட்டு என்பார் மூன்றாமவர். இவை யாவும் கேட்கத் தக்கவையே. மலேசியக் குடிமகன் ஒருவன் தான் வாங்கிய வீட்டை மூன்றாண்டுக்குள் விற்றால், வாழ்நாளில் ஒரு முறை கிடைக்கும் குடியிருப்பு விலக்கைப் பயன்படுத்தினாலன்றி, 1976-ஆம் ஆண்டின் சொத்து ஆதாய வரிச் சட்டப்படி ஆதாயத்தில் 30 விழுக்காட்டைச் செலுத்த நேரும். ஐந்தாண்டைக் கடந்து விற்பவனுக்கோ 2022 முதல் அவ்வரியே இல்லை. இதை அறியாமல் அவசரப்பட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்களும் உண்டு. ஆயினும் இந்தத் தவறுகளெல்லாம் பணத்தோடு தீர்ந்துபோகின்றவை. விற்பவன் தன் ஆத்மாவுக்கே நஷ்டம் தேடிக்கொள்ளும் தவறு ஒன்று உண்டு; அதைக் குறித்து எச்சரிப்பவரைத்தான் காண்பது அரிது. வீட்டின் குறையை விற்பவன் தானாகவே எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவனா, அல்லது கேளாதவனிடம் சொல்லாதிருந்தால் பாவமில்லையா என்பதே நான் எழுப்ப விரும்பும் கேள்வி.

பினாங்கின் பெருநிலப் பகுதியில், செபராங் பிறையின் தென்பாகத்தில் இருக்கும் சிம்பாங் அம்பாட்டில் இக்கேள்வி வாசற்படிக்கே வந்து நிற்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களும் பின்னர் ரப்பர்த் தோட்டங்களும் பரந்து கிடந்த இவ்வட்டாரத்தில் இப்போது எத்திசை நோக்கினும் தாமான்கள். பத்து காவானிலிருந்து தீவின் பத்து மாவுங்குக்குச் செல்லும் 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலம் 2014 மார்ச்சு மாதத்தில் திறக்கப்பட்டது முதல், தீவிலே வீடு வாங்கும் சக்தியில்லாத இளங்குடும்பங்கள் இப்பக்கம் நாடி வருகின்றன. வாங்குவோர் பெருகிய இடத்தில் விற்போரும் பெருகினர். ஆனால் கடலோரத்துத் தாழ்நிலத்தின் சுபாவம் விளம்பரத்தால் மாறிவிடுவதில்லை. 2017 நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் பினாங்கு மாநிலத்தை மூழ்கடித்த வெள்ளம், தீவு என்றும் பெருநிலம் என்றும் பேதம் பாராமல் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் புகுந்ததை இங்குள்ளோர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அத்தகைய தாமான் ஒன்றில், நீர் ஏறி இறங்கிய வரிசை வீடொன்றைப் பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் விற்க வைத்திருப்பதாக எண்ணிக்கொள்வோம். முழங்கால் உயரத்துக்குப் படிந்த செம்மண் கோட்டைப் புதுச் சாயம் மூடியிருக்கிறது. சமையலறைக் கதவு நிலையின் அடிப்பாகம் நீரில் ஊறிப் பருத்து, விரலால் அழுத்தினால் உள்ளே அமுங்குகிறது. அதன்மேல் புதிய பலகைத் துண்டு ஒன்று அழகாக அடிக்கப்பட்டுள்ளது. பண்டம் வைக்கும் அறையில் அலமாரிக்குப் பின்னே கரையான் மண்கோடு மேலேறிச் செல்கிறது, அலமாரி நகர்த்தப்படுவதில்லை. வெயில் காயும் தை மாதத்தில் ஓர் இளம் தம்பதி வீடு பார்க்க வருகின்றனர். மனைவி பள்ளிக்கூடம் எத்தனை தூரம் என்று கேட்கிறாள். கணவன் வாசலில் கார் நிறுத்த இடம் போதுமா என்று அளந்து பார்க்கிறான். புறப்படும் வேளையில்தான் அவனுக்கு நினைவு வருகிறது: “மழைக்குத் தண்ணி ஏறுமாங்க ஐயா?” பெரியவர் ஒரு கணம் தயங்கி, “பெரிசா ஒண்ணும் இல்ல தம்பி” என்கிறார். அச்சொல்லில் பொய் எங்கே இருக்கிறதென்று சுட்டிக் காட்டுவது வழக்கறிஞருக்கும் கடினம். ஆனால் பெரியவரின் அந்தராத்மாவுக்கு அது எங்கே இருக்கிறதென்று தெரியும்.

சட்டத்திடம் போனால் அது பாதி வழி மட்டுமே நம்மோடு வருகிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் பெரிதும் தழுவிய மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், பேச வேண்டிய கடமை உள்ள சந்தர்ப்பங்களிலும், மௌனமே பேச்சுக்குச் சமமாகிவிடும் சந்தர்ப்பங்களிலும் தவிர, வெறும் மௌனத்தை மோசடியென்று கொள்வதில்லை. நிலப் பதிவேடோ உரிமை யாருடையது என்பதற்கு உறுதி கூறுமேயன்றி, சுவரின் ஆரோக்கியத்துக்கு உறுதி கூறாது. வாங்குபவனே கண்ணைத் திறந்து பார்த்து வாங்க வேண்டும் என்னும் ஆங்கிலேய மரபு இதன் பின்னே நிற்கிறது. இவ்வளவில் சமாதானம் அடைந்துவிடுபவர்கள் அநேகர். எனக்கு அது சமாதானம் அளிப்பதாயில்லை.

இக்கேள்வியை மேல்நாட்டில் மிகக் கூர்மையாக எழுப்பியவர் ரோமாபுரியின் சிசெரோ. கி.மு. 44-இல் தம் மகனுக்கென எழுதிய கடமைகளைப் பற்றிய நூலின் மூன்றாம் பாகத்தில், வீடு விற்கும் நல்லவன் ஒருவனையே அவர் உதாரணமாக நிறுத்துகிறார். அவனுடைய வீடு நோய் விளைக்கும் வீடு, படுக்கையறைகளில் விஷ ஜந்துக்கள் தென்படுகின்றன, மரமெல்லாம் உளுத்திருக்கிறது, இவை உடையவனைத் தவிர வேறெவருக்கும் தெரியா. அவன் வாய் திறவாமல் விற்கலாமா? ஸ்தோயிக்க ஞானிகளான டயோஜெனிசும் அவருடைய சீடர் ஆன்டிபேட்டரும் இவ்விஷயத்தில் மாறுபட்டனர் என்று சிசெரோ காட்டுகிறார். வாங்கு என்று யாரும் பலவந்தம் செய்யவில்லை, தனக்குப் பிடிக்காததை ஒருவன் விற்றான், பிடித்ததை இன்னொருவன் வாங்கினான், நோய் வீடு விற்பனைக்கு என்று கூவச் சொல்வதைவிட அபத்தம் வேறுண்டோ என்பது டயோஜெனிஸ் பக்கத்து வாதம். வழி தவறியவனுக்கு வழி காட்டாதிருப்பதையே ஏதென்ஸ் நகரம் சாபத்துக்குரிய குற்றமென்று வைத்திருந்ததே, தெரிந்தே ஒருவனைக் குழியில் விழவிடுவது அதனினும் கொடிதன்றோ என்பது ஆன்டிபேட்டர் பக்கத்து வாதம். சிசெரோ ஐயத்துக்கு இடமின்றிப் பின்னவரோடு சேர்கிறார். அவர் எடுத்துக்காட்டும் வழக்கொன்று இன்னும் உறுதியானது. சகுனம் பார்க்கும் குருமார் தங்கள் பார்வைக்கு மறைப்பாக உள்ள மேற்பகுதிகளை இடிக்கும்படி செந்துமாலஸ் என்பவருக்கு உத்தரவிட, அவர் அதை மறைத்து வீட்டை லனாரியஸ் என்பவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் இடிக்க நேர்ந்தபின் வழக்குத் தொடுத்தார். தெரிந்தும் சொல்லாததனால் விளைந்த நஷ்டத்தை விற்றவரே ஈடு செய்ய வேண்டுமென்று நீதிபதி மார்க்கஸ் கேட்டோ தீர்ப்பளித்தார்.

நம்மவர்கள் இதே இடத்துக்கு வேறு பாதையில் வந்து சேர்ந்திருக்கின்றனர். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் வீட்டு விற்பனையை மூடிய அறையில் நடக்கும் காரியமாக விடுவதில்லை. உறவினர், அயலார், கடன் கொடுத்தோர் என்னும் வரிசையில் வாங்கும் முதல் உரிமையை வைத்து, அக்கம்பக்கத்து நாற்பது குடும்பத்தார் முன்னிலையில் அந்த வீட்டின் எதிரிலேயே விற்பனையைப் பிரசித்தம் செய்யச் சொல்கிறது. இதில் அடங்கிய ஞானத்தை நினைக்க நினைக்க வியப்பே மேலிடுகிறது. ஒரு வீட்டில் எந்த மழைக்கு எத்தனை அடி நீர் ஏறியது என்பதை உடையவன் மறைக்கலாம், நாற்பது அயல்வீடுகள் மறைக்குமா? சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் நிலம் விற்றோர் நான்கு எல்லைகளையும் மரங்களையும் கிணறுகளையும் வரைந்து, வில்லங்கம் நேர்ந்தால் தாமே தீர்த்துத் தருவதாகப் பிரதிக்ஞை செய்து கோயிற் சுவரில் பொறித்ததும் இந்த வெளிப்படைத் தன்மையின் தொடர்ச்சியே. வாணிகம் செய்வோர் ஒழுக்கத்தைத் திருவள்ளுவர் பொருட்பாலில் வையாமல், அறத்துப்பாலில் நடுவுநிலைமை அதிகாரத்தின் முடிவிலே வைத்ததும் கருதத் தக்கது. நம்மோடு ஒரே தெருவில் வாழும் இஸ்லாமியச் சகோதரர்களின் சாஸ்திரத்திலும், மறைக்கப்பட்ட குறை பின்னர் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவனுக்கு உண்டு.

மகாபாரதத்துச் சாந்தி பர்வத்தில் வரும் துலாதாரனை இங்கே நினையாதிருக்க முடியவில்லை. கட்டை போல் அசைவற்று நின்று, சடையிலே பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் வரை தவம் செய்த ஜாஜலி முனிவர், தாமே தர்மத்தை எய்தியவரென்று இறுமாந்தபோது, காசி நகரத்து வியாபாரி ஒருவனுக்கு நீர் ஈடாகமாட்டீர் என்று அசரீரி சொல்லிற்று. தேடிச் சென்ற முனிவருக்குத் துலாதாரன் காட்டிய தவமெல்லாம், எல்லோருக்கும் சமமாக நிற்கும் தன் தராசுதான். கடைத்தெருவிலே மோட்சத்தின் வாயில் இருப்பதாகச் சொன்ன இக்கதையைக் கோயிலிலே கேட்டு உருகுகிறவர்கள், விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் மேசையில் அதை மறந்துவிடுவது ஏன்?

லோபம் என்று ஒரே சொல்லில் பதில் கூறிவிட எனக்கு மனம் வரவில்லை. பல்லாண்டு மாதத் தவணை கட்டி மீட்ட வீடு அது. சாமி அறைச் சுவரில் காமாட்சி விளக்கின் புகை படிந்த கருந்தடம் இன்னும் அழியவில்லை. மகளின் நிச்சயதார்த்தம் நடந்த கூடம் அங்கே இருக்கிறது. அந்த வீட்டைக் குறை சொல்வது பெற்ற பிள்ளையைப் பிறர் முன் இழித்துப் பேசுவது போல் உடையவருக்குக் கூசுகிறது. செபராங் பிறைத் தமிழரிடத்தில் இந்த அபிமானத்துக்கு ஆழ்ந்த வேர் உண்டு. 1950-களிலும் 60-களிலும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடலின்போது, லயத்து வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் இருப்பிடம் அவர்களை ஒரு வார்த்தை கேளாமலே கைமாறியது. துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரின் சிறுசேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க முற்பட்டது அந்த அவலத்தைக் கண்டுதான். அத்தகையோரின் பேரப்பிள்ளைகள் இன்று சொந்த வீடு விற்கும் நிலைக்கு உயர்ந்திருப்பது எனக்குப் பேருவகை தருகிறது. பிறர் செய்த விற்பனையில் தாம் ஒரு பொருட்டாக எண்ணப்படாத துயரத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள், தம் விற்பனையில் வாங்குபவனை ஒரு பொருட்டாக எண்ணுவார்கள் என்று எதிர்பார்ப்பது மிகையாகாது.

விலையை ஏற்றிச் சொல்வதும் குறையை மூடி மறைப்பதும் இரு வேறு தவறுகளாகத் தோன்றினும், ‘எனது’ என்னும் மமகாரமே இரண்டையும் ஈனுகிறது. நம் நினைவுகளுக்கெல்லாம் விலை வைத்து வாங்குபவன் தலையில் ஏற்றுகிறோம். அந்த விலை குறையாதிருக்கக் கரையானை அலமாரியால் மறைக்கிறோம். முற்காலத்தில் நிலத்தைக் கொடுத்தவன் நீர் வார்த்துக் கொடுத்தான். அந்நீரோடு தன் பற்றும் ஒழுகிப் போகவேண்டுமென்பதே அச்சடங்கின் தாத்பரியமென்று நான் கொள்கிறேன். விற்பதென்று நிச்சயித்த கணத்திலேயே மனத்தளவில் நீர் வார்த்துவிட்டவனுக்கு, வீட்டின் உண்மையைச் சொல்வதில் கூச்சம் இராது.

எதையெல்லாம் சொல்ல வேண்டும்? வெள்ளம், கரையான், ஒழுகும் கூரை, உரிமையில் உள்ள வில்லங்கம் ஆகியவற்றைக் கேளாமலே சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கதவெண்ணும் வாசலின் திசையும் கண்முன்னே இருப்பவை. சீனரோ நம்மவரோ, நம்பிக்கையுள்ளவர்கள் தாமே பார்த்துக்கொள்வர். வயது முதிர்ந்த பெற்றோர் அவ்வீட்டில் இயற்கையாகக் கண்மூடியது குறையே ஆகாது. ஆயினும் ஒருவர் கேட்டால் மறுக்கலாகாது. துர்மரணம் நிகழ்ந்த வீட்டைப் பற்றித்தான் நெடுநேரம் யோசித்தேன். வாங்கியவள் குடிபுகுந்த முதல் மாதத்திலேயே பக்கத்து வீட்டு அம்மாளிடம் எதைக் கேள்விப்படுவாளோ, கேள்விப்பட்டபின் எதனால் விளக்கேற்றும்போதெல்லாம் அவள் மனம் துணுக்குறுமோ, அதை விற்றவர் வாயால் முதலில் கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு என்ற முடிவுக்கே வந்தேன். வங்கிக் கடனைப் பெருக்குவதற்காக ஒப்பந்தத்தில் விலையை ஏற்றி எழுதும் ‘மார்க் அப்’ ஏற்பாட்டுக்கு, எனக்கென்ன நட்டம் என்று உடன்படுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அங்கே ஏமாறுவது வங்கி என்பதனால் கையெழுத்திட்டவரின் வாக்கு மெய்யாகிவிடாது.

உண்மையைக் கேட்டவர்களில் சிலர் திரும்பிப் போவர். சிலர் சில ஆயிரம் வெள்ளி குறைத்துக் கேட்பர். குறைந்த தொகையை நஷ்டக் கணக்கில் எழுதலாகாது. அது அந்த வீட்டுக்கு ஒருநாளும் இருந்திராத மதிப்பு. சொல்வதையும் முன்பணம் கைமாறுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். விலையில் இரண்டு மூன்று விழுக்காட்டைக் கொடுத்துவிட்டு, எந்த அறையில் தொட்டில் கட்டுவதென்று பேசத் தொடங்கிவிட்ட இளம் தம்பதியிடம் அதன் பின்னர் வெள்ளத்தைப் பற்றிச் சொன்னால், விலகிப் போகும் சுதந்திரம் அவர்களுக்கு முன்போல் இராது. அதை விற்பவரும் அறிவார்.